அவுரி வியாபாரியும் 1,959 மனுக்களும்

சின்ன வயதில் நான் ஏதாவது விஷமம் செய்தால் என் பாட்டி, "கையைக் கிட்டியில வெச்சு நெருக்கிடுவேன் பாத்துக்கோ" என்பாள். கிட்டி எனக்குத் தெரிந்த சாமான்தான். காளைக்குக் காயடிக்க வருகிறவர் தோளில் கொண்டுவருவார். இரண்டு தடித்த மூங்கில் தப்பை, ஒரு முனையில் கயிற்றுக் கட்டு. அதில் என் விரலை வைத்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்துவிட்டு, அன்றைக்கு ஒரு நாள் ஒழுங்காக இருப்பேன். பாட்டி அந்த வார்த்தையை மாட்டுக்கொட்டகையிலிருந்து எடுத்தாள் என்றே நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருவாய்த் துறையில் 33 வருஷம் வேலை பார்த்து, தாசில்தாராக ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு, நண்பர் ஒருவர் பழைய அறிக்கை ஒன்றின் பிரதியைக் கொடுத்தார். 1855-ல் சென்னையில் அச்சானது. மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷனின் அறிக்கை. ஆங்கிலப் பத்திகளுக்கு நடுவே நம் ஊர்ச் சொற்கள் இரண்டு திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று கிட்டி. இன்னொன்று அண்ணாந்தாள். கிஸ்தி கட்டாத குடியானவனின் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து, எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் நெருக்குவது கிட்டி. தலையைக் குனியவைத்துக் கழுத்தையும் கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டி, முதுகில் கல்லை ஏற்றி வெயிலில் நிறுத்துவது அண்ணாந்தாள். பாட்டிக்கு அந்தச் சொல் கொட்டகையிலிருந்து வரவில்லை. அவளுடைய பாட்டி சொல்லக் கேட்டிருப்பாள். அந்தப் பாட்டிக்கு அது தாசில் கச்சேரியிலிருந்து வந்திருக்கும். அதாவது, நான் பின்னாளில் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து.

அந்த அறிக்கை வரக் காரணமாக இருந்தவரின் பெயரைத் தேடிக்கொண்டு போனபோதுதான் கஜுலு லட்சுமிநரசு செட்டியைத் தெரிந்துகொண்டேன். அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

அவர் 1806-ல் சென்னையில் பிறந்தவர். தெலுங்குக் குடும்பம். 'காஜுலு' என்றால் தெலுங்கில் வளையல்கள். அப்பா சித்துலு செட்டிக்கு வளையல் வியாபாரம் இல்லை, அவுரி வியாபாரம். பையனும் அதிலேயே இறங்கினார். அவுரி, துணி இரண்டிலும் நல்ல காசு பார்த்தார். படிப்பு பெரிதாக இல்லை. துரைமார்களோடு பேசவும் கடிதம் எழுதவும் வேண்டிய இங்கிலீஷை வியாபாரத்தில் இருந்துகொண்டே பிடித்துக்கொண்டவர்.

அவுரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். ஊருக்குத் தெற்கே, ஏரி வாய்க்கால் ஓரமாக, செங்கல் சுண்ணாம்பில் கட்டிய இரண்டு பாழுந்தொட்டிகள் இருந்தன, ஒன்று மேலே, ஒன்று கீழே. மேல்தொட்டியில் நாங்கள் ஒளிந்து விளையாடுவோம். பெரியவர்கள் அதை அவுரித் தொட்டி என்பார்கள். பூக்கும் முன்பே செடியை அறுத்து, கட்டுக் கட்டாக மேல்தொட்டியில் போட்டு, மேலே கல்லேற்றித் தண்ணீரில் ஊறவைப்பார்களாம். ஊறிய தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். ஆட்கள் அதில் இறங்கி மட்டையால் மணிக்கணக்கில் அடிப்பார்கள். காற்றுப் படப்பட நுரை நீலமாகும். பிறகு அடியில் படிந்த சேற்றைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, கட்டியாக அறுத்து நிழலில் காயவைத்தால் சரக்கு. அழுகிய தழை நாற்றம் ஊர் முழுக்க அடிக்குமாம். கூலிக்காரனின் காலில் ஏறிய நீலம் மாதக்கணக்கில் போகாதாம். அந்தக் கட்டி மாட்டுவண்டியேறிச் சென்னைக்குப் போய், கப்பலேறி லண்டனுக்குப் போகும். 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி ரசாயன நீலத்தைச் சந்தையில் இறக்கியபிறகு இந்தத் தொட்டிகளெல்லாம் பிள்ளைகள் ஒளியும் இடமாகிவிட்டன.

லட்சுமிநரசு செட்டியின் காலத்தில் அது பொன் விளைந்த தொழில். இப்படிப்பட்ட சரக்கை வாங்கி விற்கிறவனுக்கு ஊர் ஊராகத் தரகர்கள் இருப்பார்கள். எந்த ஊரில் மழை இல்லை, எந்த ஊரில் குடியானவன் மாட்டை விற்றுவிட்டான், எங்கே தாசில்தார் ஆளைக் கட்டிவைத்து அடித்தான் என்பதெல்லாம் விலை நிலவரத்தோடு சேர்ந்தே கடைக்கு வந்துசேரும். அவருடைய பொதுவாழ்வுக்கு விதை அங்கேதான் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். ஏட்டில் எழுதிய ஆதாரம் என்று எதையும் என்னால் காட்டமுடியாது.

அவர் முதலில் செய்த காரியம் பத்திரிகை. 'நேட்டிவ் சர்க்குலேட்டர்' என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு தாளை விலைக்கு வாங்கி, 1844 அக்டோபர் 2-ல் 'கிரெசென்ட்' என்ற பெயரில் வெளியிட்டார். கிரெசென்ட் என்றால் பிறை. ஆசிரியராக எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை வைத்தார். காசு செட்டியாருடையது, பேனா துரையுடையது. இந்த ஏற்பாட்டில் நல்ல வியாபார புத்தி தெரிகிறது. கோட்டையில் இருப்பவர்களுக்குப் புரியும் பாஷையில், அவர்கள் இனத்தான் ஒருவன் கையாலேயே அடிப்பது. அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. பத்திரிகை வரப்போகிறது என்ற விளம்பரத்தைக்கூட அரசிதழில் போட மறுத்துவிட்டார்கள்.

அப்போது கவர்னர் ட்வீடேல் பிரபு. அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று யோசனை எழுதினார். 1846-ல் செட்டியார் சென்னையில் பெரிய கூட்டம் கூட்டி, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களுக்கு மகஜர் அனுப்பினார். யோசனை நின்றது. இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். மதம் மாறியவனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தபோது அதையும் இதே வேகத்தோடு எதிர்த்தவர் அவர். இன்றைக்கு அந்தச் சட்டத்தை நியாயம் என்றே சொல்வேன். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட எனக்கு ஆசைதான், இந்த இடத்தில் மட்டும் இறக்கிவைத்துவிடுகிறேன்.

1852 பிப்ரவரியில் 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்' பிறந்தது. கல்கத்தாவில் இருந்த சங்கத்தின் கிளையாகத் தொடங்கி, அதே வருஷம் பிரிந்து தனிக்கடை போட்டார்கள். கல்கத்தாக்காரர்கள் ஜமீன்தார்கள். அவர்களுக்குச் சட்டசபையில் இடமும் உத்தியோகமும் பெரிசு. நம் பக்கத்தில் குடியானவன் நேராகச் சர்க்காருக்குக் கிஸ்தி கட்டுகிற ரயத்துவாரி முறை. ஆகவே பார்லிமெண்டுக்குச் சென்னைச் சங்கம் எழுதிய மனுவில் நிலவரிதான் முதலில் நின்றது. தறிக்கும் கைத்தொழில் கருவிக்கும் போட்ட மொகதர்பா வரி, உப்பு, கோர்ட்டுச் செலவு, பள்ளிக்கூடம் இல்லாமை எல்லாம் அதன் பின்னால் வந்தன.

என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ரயத்துவாரியைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்த முறையை இங்கே நிலைநிறுத்திய தாமஸ் மன்றோவை இன்றும் எங்கள் துறையில் குலதெய்வம்போலப் பேசுவோம். சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1816-ல் வந்த ஏற்பாட்டில் வரி வசூலிக்கும் தாசில்தார் கையிலேயே போலீஸ் அதிகாரமும் வந்துசேர்ந்தது. கிஸ்தி கேட்பவனும் அவன், கைது செய்பவனும் அவன், அவன் அடித்தால் புகாரை வாங்கவேண்டியவனும் அவன். இதோடு 1820-களுக்குப் பிறகு தானிய விலை விழுந்துகொண்டே போனது. வரி காசாகக் கட்டவேண்டும். விலை விழுந்தால் அதே காசுக்கு இன்னும் நாலு மூட்டை கூடுதலாக விற்கவேண்டும். கலெக்டர் வசூல் கணக்கைக் கேட்பார், வசூலித்த விதத்தைக் கேட்கமாட்டார்.

கேட்கமாட்டார் என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 1980-களில் ஒரு மார்ச் மாதம், நான் வருவாய் ஆய்வாளர். பாக்கிப் பட்டியலோடு ஒரு கிராமத்துக்குப் போனோம். ஒரு வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அடுப்படியில் பித்தளை அண்டா ஒன்று. வருவாய் வசூல் சட்டப்படி அசையும் சொத்தை ஜப்தி செய்யலாம். அந்தச் சட்டம் 1864-ல், செட்டியார் உயிரோடு இருந்தபோதே வந்தது, இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அண்டாவைத் தலையாரி தூக்கினார். உள்ளே பாதி தண்ணீர் இருந்தது. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "இருங்க ஐயா, தண்ணிய ஊத்திட்டுத் தரேன்" என்று சொல்லி, ஒவ்வொரு சொம்பாக மொண்டு வேறு குடத்தில் ஊற்றினாள். நாங்கள் நாலு பேர் வாசலில் நின்று அவள் மொண்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். வசூல் சதவீதம் மட்டும் சரியாக மேலே போய்ச் சேர்ந்தது. சட்டப்படி நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

செட்டியாருக்கு வருகிறேன். மனு லண்டனுக்குப் போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். கோப்பில் உட்காரும். ஆகவே மனுவைப் படிக்கிறவனையே இங்கே கொண்டுவர வழி பார்த்தார். லண்டனில் இந்தியச் சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் ஹென்றி டான்பி சீமோர், பார்லிமெண்ட் உறுப்பினர். 1853-ல் சீமோர் சென்னைக்கு வந்தார். செட்டியார் கூடவே நின்று அவரை உள்நாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். இரயில் இன்னும் வராத காலம். சென்னையிலிருந்து முதல் இரயில் புறப்பட்டது 1856-ல்தான். மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் போகவேண்டும். கோட்டையில் பேட்டி கொடுத்து, விருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருக்கக்கூடிய ஒரு துரையை, ஐம்பதை நெருங்கும் வியாபாரி ஒருவர் குடியானவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தங்கிய ஊரிலெல்லாம் ஜனங்கள் வந்து சொல்லியிருப்பார்கள். சொல்ல பயந்தவர்கள் கையைக் காட்டியிருப்பார்கள்.

1854 ஜூலையில் லண்டன் காமன்ஸ் சபையில், சென்னை மாகாண நிலவரியைப் பற்றி விசாரணைக் கமிஷன் வேண்டும் என்று பிளாக்கெட் என்ற உறுப்பினர் தீர்மானம் கொண்டுவந்தார். சீமோர் எழுந்து, வரி வசூலுக்காகச் சென்னையில் சித்திரவதை நடக்கிறது என்றார். சபையில் பலர் நம்பவில்லை. தீர்மானம் தோற்றது. ஆனால் சொல் சபைக் குறிப்பில் ஏறிவிட்டது. விசாரிக்கும்படி மேலிடத்திலிருந்து சென்னைக்கு உத்தரவு வந்தது. செப்டம்பரில் மூன்று பேர் கமிஷன் போட்டார்கள்: எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன். நார்ட்டன் பாரிஸ்டர். பின்னாளில் வக்கீலாகப் பேர்போன எர்ட்லி நார்ட்டனின் அப்பா. எலியட் சென்னை நகரத்தின் தலைமை மாஜிஸ்ட்ரேட்டு, போலீஸ் சூப்பரிண்டெண்டெண்ட். பெசன்ட் நகரில் நாம் சுண்டல் தின்னப் போகிறோமே எலியட்ஸ் பீச், அது அவர் பெயர்தான். விசாரித்தவருக்கு ஒரு கடற்கரை கிடைத்திருக்கிறது.

புகார் உள்ளவர்கள் வரலாம், எழுதலாம் என்று ஊருக்கு ஊர் நோட்டீஸ் போனது. மூன்று மாதக் கெடு. இந்த நோட்டீசை ஒட்டவேண்டியவன் யார்? தாசில்தாரும் அவன் சேவகனும். யாரைப் பற்றிப் புகார்? அவர்களைப் பற்றித்தான். அரசாங்க நோட்டீஸ் எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில், எத்தனை நாள் ஒட்டப்படும் என்பது எனக்குத் தெரியும் என்பதால், அடுத்து வரும் எண்ணிக்கையைப் படித்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 1,959 புகார்கள். அதில் 1,440 தபாலில் வந்தவை. நேரில் வந்தவர்கள் 519 பேர். முந்நூறு, நானூறு மைல் நடந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு வரும்? போய்த் திரும்புவதற்குள் நடவு முடிந்திருக்கும். திரும்பிப் போகும் ஊரில் அதே தாசில்தார்தான் இருப்பான்.

அவர்கள் சொன்னது அறிக்கையில் வரிசையாக இருக்கிறது. வெயிலில் நிறுத்துவது, சோறு தின்னவும் வெளிக்குப் போகவும் விடாமல் அடைத்துவைப்பது, மாட்டைப் பட்டியில் பட்டினி போடுவது, கண்ணில் மிளகாய்ப்பொடி, மீசையில் கயிறு, குடுமியைக் கழுதை வாலிலோ எருமை வாலிலோ கட்டுவது, கடிக்கிற பூச்சியைத் தொப்புளில் வைத்து மேலே கொட்டாங்கச்சியைக் கவிழ்ப்பது. இத்தனையும் பல சமயம் ஒன்றிரண்டு ரூபாய்க்காக, சில சமயம் அணாக் கணக்குக்காக. பிற்பாடு கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை வைத்து 1857 செப்டம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடியானவன் ஒருவனின் நசுங்கிய விரல் அந்த வழியாக நியூயார்க் வரை போயிருக்கலாம்.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. சித்திரவதை உண்மை, அது வழக்கமாகவே நடக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பழியெல்லாம் சுதேசி சிப்பந்திகள் தலையில். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்று துடைத்துவிட்டார்கள். என் வர்க்கத்தைக் காப்பாற்ற நான் வாயைத் திறக்கவில்லை. கிட்டியைப் பிடித்த கை எங்கள் கைதான். ஆனால் கஜானாவில் பணம் கொட்டும்போது, பஞ்ச வருஷத்திலும் இது எப்படி வசூலானது என்று கேட்காதவர் கைக்கு என்ன பெயர்?

ஒன்று நடந்தது. வரியையும் போலீசையும் ஒரே கையில் வைத்திருந்ததுதான் மூலம் என்று கமிஷன் சொன்னதன்பேரில், 1859-ல் சென்னைப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் தனித் துறையானது. போலீஸ் பிறகு என்ன ஆனது என்பது வேறு கதை, அதை எழுத வேறு ஆள் வேண்டும். தாசில்தார் இடுப்பிலிருந்து தடி இறங்கியது மட்டும் நிச்சயம். நான் உத்தியோகத்தில் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தது சிட்டாவும் அடங்கலும் ஒரு பச்சைப் பேனாவும்.

செட்டியார் அதன்பிறகும் ஓயவில்லை. கம்பெனி ஆட்சியே வேண்டாம், ராணியின் நேரடி ஆட்சி வரட்டும் என்று மகஜர் போட்டார். அதுவும் 1858-ல் வந்தது, அவருடைய மகஜரால் வந்ததாகச் சொல்லமுடியாது. அரசாங்கம் மனம் மாறி ஸி.எஸ்.ஐ. பட்டம் கொடுத்தது. 1863-ல் சென்னைச் சட்ட கவுன்சிலில் நியமன உறுப்பினராக உட்காரவைத்தது. ஒரு காலத்தில் விளம்பரம் போட மறுத்த அதே சர்க்கார்.

1868-ல் இறந்தார், வயது 62. கையில் காசில்லாமல் இறந்தார். பத்திரிகை, மகஜர், கூட்டம், பிரயாணம், லண்டன் தொடர்பு எல்லாம் அவர் பையிலிருந்து போனவை. அந்த நாளில் சந்தா வசூலித்துப் பொதுக்காரியம் செய்யும் பழக்கம் வேரூன்றவில்லை. கோவில் கட்டினவனுக்குக் கோபுரம் மிஞ்சும், சத்திரம் கட்டினவனுக்குக் கல்வெட்டு மிஞ்சும். மனுவில் காசைப் போட்டவனுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

எங்கள் ஊர் அவுரித் தொட்டியும் இப்போது இல்லை. செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒரு புது உத்தியோகம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்ப்பு நாள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் திண்ணைக்கு நாலைந்து பேர் மனு எழுதிக்கொள்ள வருவார்கள். பட்டா பெயர்மாற்றம், வாய்க்கால் ஆக்கிரமிப்பு, முதியோர் பென்ஷன். இரண்டு வாரத்துக்கு முன் எழுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை நகர்த்திவிட்டானாம், அளக்கச் சொல்லி மூன்று தடவை மனு போட்டாயிற்றாம். எழுதி முடித்துக் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கே போகவர நூறு ரூபா ஆவுது தம்பி. இத தபால்ல போட்டுட்டா போதாதா?" என்று கேட்டார்.

"போடாதீங்க மாமா, நேர்லயே போங்க" என்றேன். "காலையில ஏழரை பஸ்ஸுல நானும் வரேன்."